மிடி பிறந்த கதை

1983-இல் விற்பனைக்கு வந்த யமஹா டிஎக்ஸ்7 கீபோர்டை, நேற்று வாங்கிய மடிக்கணினியோடு சில நூறு ரூபாய் கேபிள் ஒன்றில் இணைத்து வாசிக்கலாம். ஆனால் அதே கீபோர்டுக்காக எண்பதுகளின் கடைசியில் எழுதப்பட்ட எடிட்டர் மென்பொருள் அந்த மடிக்கணினியில் பெரும்பாலும் திறக்காது. கருவி உயிரோடிருக்கிறது, அதற்குத் துணையாக வந்த மென்பொருள் செத்துவிட்டது. கருவி பிழைத்ததற்குக் காரணம், போட்டிக் கம்பெனிகள் சில 1981-க்கும் 1983-க்கும் இடையில் தங்களுக்குள் செய்துகொண்ட ‘மிடி’ என்ற உடன்பாடு.

அதற்கு முன்னால் சிந்தசைசர்கள் ஒன்றுக்கொன்று வோல்டேஜால் பேசிக்கொண்டன. ரோலண்ட் கருவியில் ஓர் ஆக்டேவ் ஏறினால் ஒரு வோல்ட் கூடும். கார்கும் யமஹாவும் வேறு கணக்கு வைத்திருந்தன. அங்கே ஆக்டேவ் ஏறினால் வோல்டேஜ் இரட்டிப்பாகும். இரண்டையும் இணைத்தால் சுருதி சேராது. மைக்ரோபிராசசர் வந்தபிறகாவது நிலைமை சீராகியிருக்க வேண்டும். அதுவும் நடக்கவில்லை. ரோலண்ட் தனக்கென்று டிசிபி என்ற இணைப்பை வைத்துக்கொண்டது, ஓபர்ஹைம் தனக்கென்று ஒன்றை வைத்துக்கொண்டது. ஒரு கம்பெனியின் கீபோர்டை வாங்கியவர் கடைசிவரை அதே கம்பெனியிடம்தான் போக வேண்டும்.

இது வியாபாரத்துக்கே கேடு என்று முதலில் உரக்கச் சொன்னவர் இகுதாரோ காகேஹாஷி. இளமையில் கடிகாரம் பழுதுபார்த்தவர். 1972-இல் ரோலண்டைத் தொடங்கியவர். 1981 ஜூனில் அமெரிக்காவின் ‘நாம்’ இசைக்கருவி வணிகக் கண்காட்சியில் ஓபர்ஹைம் கம்பெனியின் டாம் ஓபர்ஹைமிடம் பொதுவான இணைப்பு ஒன்று வேண்டும் என்று பேசினார். ஓபர்ஹைம் அவரை டேவ் ஸ்மித்திடம் அனுப்பினார். ஸ்மித் கலிஃபோர்னியாவில் சீக்வென்ஷியல் சர்க்யூட்ஸ் நடத்தியவர். அமைத்த டோன்களை நினைவில் வைத்துக்கொள்ளும் புராஃபெட்-5 சிந்தசைசரை 1978-இல் கொண்டுவந்தவர். அவரும் அவருடைய பொறியாளர் செட் உட்டும் 1981 கடைசியில், ஒலிப் பொறியாளர் சங்க மாநாட்டில் ஒரு முன்மொழிவை வைத்தார்கள்.

1982 ஜனவரியில் பல கம்பெனிகள் கூடிப் பேசின. அமெரிக்கக் கம்பெனிகள் பலவும் அக்கறை காட்டவில்லை. தொடர்ந்து உழைத்தவை ஐந்துதான்: ரோலண்ட், யமஹா, கார்க், காவாய், சீக்வென்ஷியல். ஸ்மித்தின் முதல் திட்டத்தில் வேகம் வினாடிக்கு 19,200 பிட். ஜப்பானியர்களோடு பேசிப் பேசி அது 31,250 ஆனது. வினோதமான எண்தான், ஆனால் ஒரு மெகாஹெர்ட்ஸை 32-ஆல் வகுத்தால் வருவது அது. அன்றைய மலிவான சிப்புகளால் எளிதாகத் தர முடிந்த வேகம். இரண்டு கருவிகளுக்கு நடுவே மின்தொடர்பே இல்லாமல் ஒளியால் செய்தி கடத்தும் ஆப்டோகப்ளரையும் சேர்த்தார்கள். மேடையில் பல கருவிகளை இணைத்தால் வரும் ‘ஹம்’ என்ற இரைச்சல் இந்த வழியில் நுழையாது. செருகிக்கு ஐந்து பின் கொண்ட டின் வகையை எடுத்தார்கள். ஐந்தில் மூன்றுக்குத்தான் வேலை.

எல்லாவற்றையும்விட முக்கியமான முடிவு, அந்தக் கம்பியில் ஒலியே போகாது என்பது. ஸ்வரத் தாளை அடுத்தவர் கையில் கொடுப்பது போல, எந்தக் கட்டை, எவ்வளவு வேகமாக அழுத்தப்பட்டது என்ற செய்தி மட்டும் போகும். 144, 60, 100 என்று மூன்று பைட் போனால், முதல் சேனலில் நடு ‘சி’-யை 100 அளவு விசையோடு ஒலிக்கச் செய் என்று பொருள். இதற்கு ஏறத்தாழ ஒரு மில்லிவினாடி போதும். பத்து விரலும் ஒன்றாக விழுந்தால் ஸ்வரங்கள் ஒன்றன்பின் ஒன்றாகத்தான் போகும் என்ற குறை அன்றே பேசப்பட்டது, குறை உண்மைதான். ஆனால் செய்தி இவ்வளவு சிறிதாக இருந்ததால்தான் எந்த ஏழைக் கணினியாலும் அதைச் சுமக்க முடிந்தது.

1983 ஜனவரியில், அனஹைம் நகரில் நடந்த ‘நாம்’ கண்காட்சியில் சீக்வென்ஷியலின் புராஃபெட்-600-ஐயும் ரோலண்டின் ஜூபிட்டர்-6-ஐயும் இணைத்துக் காட்டினார்கள். ஒன்றில் கட்டையை அழுத்த, மற்றதும் ஒலித்தது. ஆகஸ்டில் மிடி 1.0 விதிகள் வெளியாயின. உரிமக் கட்டணம் கிடையாது. யார் வேண்டுமானாலும் பயன்படுத்தலாம். அந்த ஐந்து கம்பெனிகளும் செய்த மிகப் பெரிய காரியம் இந்தத் தாராளம்தான் என்பேன்.

1985-இல் அட்டாரி எஸ்டி கணினி மிடி துளைகளோடே பிறந்தது. கியூபேஸ் என்ற இசை மென்பொருள் முதலில் ஓடியது அதில்தான். 1999-இல் யுஎஸ்பி வழியாக மிடி அனுப்பவும் பொது விதி வந்தது. அந்த விதிக்கு உட்பட்ட கருவிக்குத் தனி டிரைவரே தேவையில்லை. தனி டிரைவரை நம்பிய கருவிகள்தான் மாட்டிக்கொண்டன. 64 பிட் விண்டோஸ் பழைய 32 பிட் டிரைவரை ஏற்காது. 2019-இல் வந்த மேக் கேட்டலினா இயங்குதளம் 32 பிட் மென்பொருள் அத்தனையையும் கைவிட்டது. ஒலிப்பதிவிலும் இதே கதைதான். அலெசிஸின் ஏடாட் பதிவுக் கருவி, எஸ்-விஎச்எஸ் நாடாவோடு சேர்ந்து காலாவதியாகிவிட்டது. ஆனால் எட்டு டிராக்குகளை ஒரே ஒளியிழையில் அனுப்ப அது கொண்டுவந்த இணைப்பு இன்றைய ஆடியோ இண்டர்ஃபேஸ்களிலும் இருக்கிறது.

காகேஹாஷிக்கும் ஸ்மித்துக்கும் 2013-இல் தொழில்நுட்பத்துக்கான கிராமி விருது கிடைத்தது. இருவரும் இன்று இல்லை. 2020-இல் வந்த மிடி 2.0-உம் பழைய கருவிகளைக் கைவிடவில்லை.

பழைய கீபோர்டு வைத்திருப்பவர்களுக்கு ஒரு சொல். உள்ளே இருக்கும் சிறு பேட்டரி தீர்ந்தால் நீங்கள் அமைத்த டோன்கள் அழிந்துவிடும். டிஎக்ஸ்7-இன் 32 டோன்களும் சேர்ந்து 4,104 பைட்தான். சிஸ்டம் எக்ஸ்க்ளூசிவ் என்ற மிடி செய்தியாக ஒன்றரை வினாடிக்குள் கணினிக்கு வந்துவிடும். மிக மலிவான கேபிள்கள் சில, வாசிப்பதற்குப் போதுமானவை என்றாலும், இவ்வளவு நீளமான செய்தியில் பைட்டுகளைத் தவறவிடும். இந்த ஒரு வேலைக்காவது நல்ல மிடி இண்டர்ஃபேஸை இரவல் வாங்குங்கள். பேட்டரி மாற்றக் கொடுப்பதற்கு முன்பே டோன்களைச் சேமித்துவிடுங்கள்.