அப்பாவிடம் கேட்டு வா!

சிங்கப்பூரில் தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வான பிஎஸ்எல்இயின் முடிவுகள் வெளியாகும் நவம்பர் வாரத்தில் தேக்கா பக்கம் போனால் ஒரு காட்சி கண்ணில் படும். சையத் ஆல்வி சாலையில் வாங்கிய திறன்பேசியின் பெட்டியை மேசைமேல் வைத்துக்கொண்டு, கோமள விலாசில் தோசை வருவதற்குள் அதைத் திறந்துவிடத் துடிக்கும் ஒரு பிள்ளை. பொத்தானை அழுத்தியதும் திரை பிறந்த தேதி கேட்கும். பிள்ளை உண்மையான ஆண்டைத் தட்டிவிடும். உடனே போன் முகத்தைத் திருப்பிக்கொள்ளும்: பெற்றோரை அழைத்து வா, அவர்கள் கணக்கோடு உன் கணக்கைச் சேர்க்க வேண்டும். அப்பா சாம்பார் கையைத் துடைத்துக்கொண்டு போனை வாங்குவார். பிறந்த தேதி கேட்கும் அந்தக் கேள்வி அந்த மேசைக்கு வந்து சேர முப்பது ஆண்டு பிடித்தது. அது புறப்பட்ட இடத்தில் போனும் இல்லை, அப்பாவும் இல்லை.

1994 ஜூலையில் சிங்நெட் சிங்கப்பூர் வீடுகளுக்கு இணையத்தை விற்கத் தொடங்கியது. ஒரு தொலைபேசிக் கம்பி, கீச்சிடும் ஒரு மோடம், குடும்பத் தலைவர் பெயரில் ஒரே ஒரு கணக்கு. கடவுச்சொல்லை ஒரு தாளில் எழுதிக் கணினித் திரையின் ஓரத்தில் ஒட்டியிருப்பார்கள். பாட்டி ஊருக்குப் பேச ரிசீவரை எடுத்தால் பேரனின் இணையம் அறுந்துவிடும். அந்தக் காலத்தில் பெற்றோர் கட்டுப்பாடு என்றால் அவ்வளவுதான். 1996 ஜூலை 15ஆம் தேதி சிங்கப்பூர் ஒலிபரப்பு ஆணையம் இணையத்துக்கு உரிம விதிகளைக் கொண்டுவந்தது. அடையாளமாக நூறு தளங்கள் தடுக்கப்பட்டன. பின்னர் 1999இல் பெற்றோருக்கென்று ஓர் ஆலோசனைக் குழுகூட வந்தது. பிள்ளை எதைப் பார்த்துவிடுமோ என்பதுதான் எல்லாருடைய கவலையும். பிள்ளையை யார் பார்க்கிறார்கள் என்ற கேள்வியை 1996இல் வாஷிங்டனில் ஒரு பெண் கேட்டுக்கொண்டிருந்தார்.

அவர் கேத்ரின் மான்ட்கமரி. ஜெஃப் செஸ்டருடன் சேர்ந்து ஊடகக் கல்வி மையம் என்ற சிறிய அமைப்பை நடத்திவந்தார். சிறுவர் தொலைக்காட்சியில் விளம்பரங்கள் செய்யும் அட்டகாசத்தோடு மல்லுக்கட்டிப் பழகியவர்கள். அந்தக் கண்ணோடு இணையத்தைப் பார்த்தபோது, விளம்பரக்காரர்கள் தொலைக்காட்சியில் கனவிலும் செய்ய முடியாத ஒன்று அங்கே நடப்பது தெரிந்தது. தொலைக்காட்சிப் பெட்டி குழந்தையிடம் பேசும், ஆனால் குழந்தை சொல்வதைக் கேட்காது. இணையம் கேட்டது. கிட்ஸ்காம் என்ற தளம், பெயர், வயது, பிடித்த பொருள் என்று கேள்விகளை அடுக்கி, பதில் சொன்ன பிள்ளைகளுக்கு 'கிட்ஸ்கேஷ்' என்ற விளையாட்டுப் பணம் கொடுத்தது. அதைச் சேர்த்துப் பரிசு வாங்கலாம். பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம். 1996 மே மாதம் மையம் அமெரிக்க மத்திய வர்த்தக ஆணையத்திடம் புகார் கொடுத்தது. கிட்ஸ்காம் தண்டிக்கப்படும் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள்.

தண்டிக்கப்படவில்லை. 1997 ஜூலையில் ஆணையம் அனுப்பிய கடிதம், பாம்பும் சாகாமல் கம்பும் முறியாமல் எழுதப்பட்ட கடிதம். தளம் தன் நடைமுறைகளை ஏற்கெனவே மாற்றிக்கொண்டுவிட்டது, ஆகவே நடவடிக்கை இல்லை. ஆனால் இனிமேல் யாராயிருந்தாலும் பிள்ளைகளிடம் விவரம் வாங்கும்முன் பெற்றோருக்குத் தெரிவிக்க வேண்டும். நிறுவனங்கள் தாங்களே திருந்திக்கொள்ளும் என்பது நம்பிக்கை. திருந்தினவா என்று பார்க்க ஆணையம் சிறுவர்களுக்கான 212 தளங்களைத் தேடிப் பிடித்துப் புரட்டியது. 1998 ஜூனில் அறிக்கை வந்தது. 89 விழுக்காட்டுத் தளங்கள் பிள்ளைகளிடம் தனிப்பட்ட விவரங்களை வாங்கின. முன்கூட்டியே பெற்றோரின் சம்மதம் கேட்டவை? ஒரே ஒரு விழுக்காடு.

அறிக்கையின் சூடு ஆறுவதற்குள் இன்னொரு இடி. யார் வேண்டுமானாலும் இலவசமாக வலைப்பக்கம் கட்டிக்கொள்ள இடம் கொடுத்த ஜியோசிட்டீஸ் அப்போது இணையத்தின் பெரும்புள்ளிகளில் ஒன்று. உறுப்பினர்களிடம் சொன்னது ஒன்று, அவர்கள் கொடுத்த விவரங்களை வைத்துச் செய்தது வேறு என்று ஆணையம் குற்றம் சாட்டியது. அதில் சிறுவர் மன்றமும் அடக்கம். 1998 ஆகஸ்டில் நிறுவனம் சமரசத்துக்கு வந்தது. அது பங்குச் சந்தையில் கால் வைத்ததும் அதே ஆகஸ்டில்தான். இனிச் சட்டம் வராமல் போகாது என்று ஆகிவிட்டது. ஆனால் யாருக்கான சட்டம்? எந்த வயதுவரை குழந்தை?

நெவாடாவின் செனட்டர் ரிச்சர்ட் பிரையன், ஜான் மெக்கெயினுடன் சேர்ந்து 1998 ஜூலையில் கொண்டுவந்த மசோதா இரண்டு படிகளாக இருந்தது. 12 வயதுவரை உள்ள பிள்ளைகளுக்குப் பெற்றோரின் சம்மதம் வேண்டும். அதற்கு மேல் 16 வரை உள்ளவர்களுக்குப் பெற்றோருக்குத் தகவலாவது போக வேண்டும். பிரதிநிதிகள் சபையில் இதற்காக வாதாடிய எட்வர்ட் மார்க்கி விரும்பியதும் 16தான். எதிர்ப்பு இரண்டு பக்கத்திலிருந்து வந்தது. இணைய வணிக நிறுவனங்கள் முகம் சுளித்தது யாரும் எதிர்பார்த்தது. எதிர்பாராதது, குடிமை உரிமைக் குழுக்கள் தயங்கியது. பதினைந்து வயதுப் பெண், வீட்டில் வாய்விட்டுக் கேட்க முடியாத உடல்நலச் சந்தேகத்துக்கு இணையத்தில் விடை தேடினால் அதுவும் அப்பா அம்மாவுக்குத் தெரிந்துவிடுமே என்று அவர்கள் அஞ்சினார்கள். எலியும் பூனையும் ஒரே பக்கம் இழுத்தால் கயிறு எங்கே போகும்?

மேல்படி உதிர்ந்தது, கீழ்ப்படி தப்பியது. மிஞ்சியது 13. கோமள விலாஸ் மேசையில் அந்தத் திரை மனத்துக்குள் வைத்திருக்கும் எண் இதுதான். பிள்ளை மனம் எப்போது முதிர்கிறது என்று அளந்து பார்த்து யாரும் இதைக் கண்டுபிடிக்கவில்லை. கைவசம் ஒரு பழைய கோடு இருந்தது: 1990இல் வந்த சிறுவர் தொலைக்காட்சிச் சட்டம், 12 வயது வரையிலான பிள்ளைகளுக்கான நிகழ்ச்சிகளில் விளம்பர நேரத்துக்கு வரம்பு கட்டியிருந்தது. 13 மிகவும் குறைவு என்று தனக்கு அப்போதே தெரியும், கிடைத்ததை வாங்கிக்கொண்டேன் என்று மார்க்கி பல ஆண்டுகள் கழித்து ஒப்புக்கொண்டார். 1998 அக்டோபர் 21ஆம் தேதி, ஆயிரக்கணக்கான பக்கங்கள் கொண்ட செலவின மசோதா ஒன்றின் நடுவில் செருகப்பட்டு, அதிபர் கிளின்டனின் கையெழுத்தோடு அது சட்டமானது. கோப்பா என்று பெயர். சரி, கணினிக்கு அந்தப் பக்கம் பெற்றோர்தான் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

விடை சிரிப்பை வரவழைக்கும். பெற்றோர் ஒரு படிவத்தை அச்சிட்டு, கையெழுத்துப் போட்டு, தபாலிலோ ஃபேக்ஸிலோ அனுப்பலாம். கடன் அட்டை எண் கொடுக்கலாம். கட்டணமில்லாத் தொலைபேசி எண்ணில் பயிற்சி பெற்ற ஆளிடம் பேசலாம். 2000 ஏப்ரல் 21ஆம் தேதி விதிகள் நடைமுறைக்கு வந்தபோது, இத்தனை ஃபேக்ஸ்களை யார் எண்ணிக்கொண்டிருப்பது என்று பல தளங்கள் கணக்குப் போட்டன. 13க்குக் கீழே யாரும் வேண்டாம், கதவைச் சாத்து! அதற்குச் சட்டத்திலேயே ஒரு சந்து இருந்தது. எல்லாருக்குமான தளம் ஒன்றில் இருக்கும் ஆள் சிறுவன் என்று அந்தத் தளத்துக்கு உண்மையில் தெரிந்தால்தான் குற்றம். ஆகவே பிறந்த தேதியைக் கேள், சொன்னதை நம்பு, வேலை முடிந்தது. பிறந்த தேதிப் பெட்டி காவல்காரனாக நிறுத்தப்பட்டது இப்படித்தான். பிள்ளைகள் அந்தக் காவல்காரனை ஒரே நாளில் ஏமாற்றினார்கள். 'வயது போதாது' என்றதும் பின்னால் போய் ஆண்டை மாற்றினார்கள். அப்படி மாற்ற விடாமல் குக்கி வைத்துத் தடுங்கள் என்று ஆணையம் தளங்களுக்கு ஆலோசனை சொன்னது. அந்தப் பொய்யில் இன்னொரு கூட்டாளியும் இருந்தார்.

2006 செப்டம்பரில் ஃபேஸ்புக் எல்லாருக்கும் கதவைத் திறந்தது, 13 ஆனால் போதும் என்று. 2011இல் டானா பாய்ட் உள்ளிட்ட ஆய்வாளர்கள் அமெரிக்கப் பெற்றோரிடம் விசாரித்தார்கள். 12 வயதுப் பிள்ளை உள்ள பெற்றோரில் பாதிக்கும் மேற்பட்டவர்கள், பிள்ளைக்கு ஃபேஸ்புக் கணக்கு இருப்பதாகச் சொன்னார்கள். அவர்களில் பெரும்பாலோருக்கு அது முன்பே தெரியும். கணக்குத் தொடங்கிக் கொடுத்ததே அவர்கள்தான். பெற்றோர் சம்மதம் வேண்டும் என்று எழுதிய சட்டம், பெற்றோரையே பொய்க்குத் துணைபோக வைத்தது. சட்டத்தின் ஆசை நிறைவேற வேறு யாராவது பணத்தை இழக்க வேண்டியிருந்தது.

இழந்தவர்கள் நீலக் குட்டி மனிதர்களிடம் இழந்தார்கள். ஸ்மர்ஃப்ஸ் வில்லேஜ் இலவச ஐபோன் விளையாட்டு. கிராமம் வேகமாக வளர 'ஸ்மர்ஃப்பெரி' பழம் வேண்டும். பழத்துக்கு மட்டும் உண்மையான டாலர். கடவுச்சொல்லை ஒருமுறை தட்டிவிட்டால் அடுத்த 15 நிமிடம் கடை திறந்தே கிடந்தது. அம்மா விளையாட்டை இறக்கிக் கொடுத்துவிட்டுச் சமையலறைக்குப் போவார், பிள்ளை கூடை கூடையாகப் பழம் வாங்கும். எட்டு வயதுச் சிறுமி ஒருத்தி 1,400 டாலருக்கு வாங்கிய கதையை 2011 பிப்ரவரியில் வாஷிங்டன் போஸ்ட் வெளியிட்டது. வழக்கு ஆணையத்துக்குப் போய், 2014 ஜனவரியில் ஆப்பிள் குறைந்தது 3.25 கோடி டாலரைத் திருப்பித் தர ஒப்புக்கொண்டது. அந்த ஆண்டு செப்டம்பரில் வந்த ஐஓஎஸ் 8இல் ஒரு புதுப் பொத்தான் இருந்தது.

பிள்ளை ஒன்றை வாங்கத் தொட்டால் பெற்றோரின் போன் மணியடிக்கும். அவர் சரி என்றால் வாங்கலாம், வேண்டாம் என்றால் இல்லை. குடும்பப் பகிர்வு என்ற பெயரில், 13 நிறையாத பிள்ளைக்கும் சொந்தக் கணக்கு, பெற்றோர் கணக்கின் நிழலில். பெற்றோர் என்று நிரூபிக்க அட்டையின் பாதுகாப்பு எண்ணைத் தட்ட வேண்டியிருந்தது; 2000ஆம் ஆண்டின் அதே கடன் அட்டைதான், ஃபேக்ஸ் மட்டும் காணாமல் போயிருந்தது. 2017 மார்ச்சில் கூகலின் ஃபேமிலி லிங்க் அமெரிக்காவில் தலைகாட்டி, அடுத்த ஆண்டே உலகெங்கும் பரவியது. திரை நேரம், உறங்கும் நேரம், எந்தச் செயலி என்று எல்லாம் அப்பா கையில். ஆனால் ஒரு வேடிக்கை. 13வது பிறந்தநாள் வந்ததும் கடிவாளத்தைக் கழற்றிக்கொள்ளும் உரிமை பிள்ளைக்கு வந்துவிடும் என்று அப்போது வைத்திருந்தார்கள். பேரத்தில் மிஞ்சிய எண், பிறந்தநாள் பரிசாகிவிட்டது.

ஐஓஎஸ் 8 வந்த அதே 2014ஆம் ஆண்டு, ஜூலை 2ஆம் தேதி சிங்கப்பூரின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் தரவு விதிகள் நடைமுறைக்கு வந்தன. எந்த வயதில் பிள்ளை தானே சம்மதம் தரலாம் என்று சட்டம் வாய் திறக்கவில்லை. சிங்கப்பூரின் தனிநபர் தரவுப் பாதுகாப்பு ஆணையத்தின் வழிகாட்டிக் குறிப்புகள்தான் கைகாட்டின: பொதுவாக 13. அமெரிக்கப் பேரத்தின் மிச்சம் கடல் கடந்து வந்தபோது, அதற்கு இங்கே ஓர் உறவுக்காரர் காத்திருந்தார். சிங்கப்பூரின் வேலைச் சட்டத்திலும் ஒரு பிள்ளை இலகுவான வேலைக்குப் போகத் தொடங்கும் வயது 13. இன்னொரு பொருத்தமும் சேர்ந்தது. உயர்நிலை ஒன்றுக்குப் போகும் பிள்ளைக்கு அந்த ஆண்டு 13 நிறையும். 2028க்குள் என்று திட்டமிட்டிருந்த கல்வி அமைச்சு, கொவிட் துரத்தியதில் அவசரப்பட்டு, 2021 முடிவதற்குள் எல்லா உயர்நிலைப் பள்ளி மாணவர் கையிலும் கற்றல் கருவியைச் சேர்த்தது. அந்தக் கருவிக்குள் ஒரு மேலாண்மைச் செயலி. பள்ளி நேரம் முடிந்தபின் பள்ளி வைத்த கட்டுப்பாடே தொடரட்டுமா, தானே மாற்றி அமைப்பதா, அடியோடு எடுத்துவிடுவதா? படிவத்தில் பெற்றோர் தேர்ந்தெடுக்க வேண்டும். இந்த மூன்றில் எதைத் தொடுவது என்று பல அப்பாக்கள் விழித்ததைப் பார்த்திருக்கிறேன். ஃபேக்ஸ் காலத்து அப்பாவுக்குக் கையெழுத்தாவது போடத் தெரிந்திருந்தது.

2024 மார்ச் 28ஆம் தேதி தனிநபர் தரவுப் பாதுகாப்பு ஆணையம் மின்னிலக்க உலகில் பிள்ளைகளின் தரவுக்கென்றே தனி வழிகாட்டியை வெளியிட்டது. 13க்குக் கீழே என்றால் பெற்றோரின் சம்மதம். 13 முதல் 17 வரை, விதிகள் பிள்ளைக்கே புரியும்படி எழுதியிருந்தால் பிள்ளையே தரலாம். 2025 மார்ச் 31ஆம் தேதி தகவல் தொடர்பு ஊடக மேம்பாட்டு ஆணையத்தின் விதித்தொகுப்பு நடைமுறைக்கு வந்தது. ஆப்பிள், கூகல், சாம்சுங், ஹுவாவே, மைக்ரோசாஃப்ட் ஆகிய ஐந்து செயலிக் கடைகளும் வாடிக்கையாளரின் வயதை உறுதிசெய்ய வழி காண வேண்டும். சொன்னதை நம்பும் காவல்காரனின் காலம் முடிகிறது. அதே ஆண்டு டிசம்பர் 10ஆம் தேதி ஆஸ்திரேலியாவில் சமூக ஊடகக் கணக்குக்குக் குறைந்தபட்ச வயது 16 என்ற சட்டம் நடைமுறைக்கு வந்தது. 1998இல் வாஷிங்டனில் உதிர்ந்த எண்.

ஆனால் தோசை மேசையில் வயதை எதை வைத்து உறுதிசெய்வது? சிங்கப்பூரில் பிள்ளைக்கு அடையாள அட்டை கிடைப்பது 15 வயதில். அரசாங்க மின்னிலக்க அடையாளமான சிங்பாஸும் அப்போதுதான்.