கையில் மருந்து, கண்ணில் படாத காரணம்: தைராய்டு ஆய்வின் நூறாண்டு

கழுத்துக்கழலைக்கு அயோடின் மருந்தாகும் என்று ஜெனீவா மருத்துவர் ழான் பிரான்சுவா குவாந்தே 1820இல் அறிவித்தார். அதே அயோடினைக் கொடுத்தால் கழலை வராமலே தடுக்கலாம் என்பதைப் பெருந்தொகையான பிள்ளைகளிடம் ஒப்பிட்டுக் காட்டிய ஆய்வு 1917இல்தான் தொடங்கியது. இரண்டுக்கும் நடுவே ஏறத்தாழ நூறு ஆண்டுகள். இக்காலத்தில் ஆல்ப்ஸ் மலைச் சிற்றூர்களில் தலைமுறை தலைமுறையாகக் கழலையோடும், பிறவியிலேயே அறிவும் உடலும் வளராத கிரெட்டினிசக் குறையோடும் மக்கள் வாழ்ந்து மடிந்தனர். இத்தாமதம் ஏன் நேர்ந்தது என்பதே இக்கட்டுரையின் கேள்வி. அயோடினுக்குப் பஞ்சம் இருந்ததில்லை. கழலையாகப் பருக்கும் தைராய்டுச் சுரப்பி உடலில் என்ன வேலை செய்கிறது என்பது தெரியாதிருந்தவரை, அயோடின் ஏன் பலித்தது என்பதையும் எவ்வளவு கொடுப்பது என்பதையும் யாராலும் சொல்ல முடியவில்லை.

லண்டன் மருத்துவர் தாமஸ் வார்ட்டன் 1656இல் சுரப்பிகளைப் பற்றி எழுதிய நூலில்தான் தைராய்டு இப்பெயரைப் பெற்றது. தாடைக்குக் கீழுள்ள உமிழ்நீர்ச் சுரப்பியின் நாளத்தைக் கண்டு சொன்னவரும் இவரே. அச்சுரப்பி எச்சிலை எந்த வழியாக வாய்க்கு அனுப்புகிறது என்பதை அவரால் விரல் வைத்துக் காட்ட முடிந்தது. தைராய்டிலோ நாளமே இல்லை. கழுத்துக்கு, சிறப்பாகப் பெண்களின் கழுத்துக்கு, உருண்டு திரண்ட அழகைத் தருவதும் அதன் பணிகளில் ஒன்று என்று அவர் எழுதினார். சுரப்பு வெளியேற வழியில்லாத உறுப்பு எதையும் சுரக்காது என்ற எண்ணம் அடுத்த இருநூறு ஆண்டுகளும் நீடித்தது. மூளைக்குப் பாயும் இரத்தத்தைத் தாங்கிக்கொள்ளும் தேக்கம் அது என்று கருதியவர்களும் உண்டு.

பெர்னார்ட் குர்த்வா 1811இல் கடற்பாசிச் சாம்பலிலிருந்து அயோடினைப் பிரித்தெடுத்தார். கழலைக்குக் கடற்பஞ்சைச் சுட்டுக் கொடுப்பது ஐரோப்பாவில் பழைய வைத்தியம். அப்பஞ்சில் வேலை செய்வது அயோடினாகத்தான் இருக்க வேண்டும் என்று குவாந்தே ஊகித்தார். ஊகம் பலித்தது, கழலைகள் சுருங்கின. ஆனால் அவர் தந்த அளவு, இன்று நாம் அறிந்த அன்றாடத் தேவையான 150 மைக்ரோகிராமைப்போல் நூறு மடங்குக்கும் மேல். மருத்துவர் மேற்பார்வை இல்லாமலும் மக்கள் வாங்கிக் குடித்தனர். படபடப்பு, நடுக்கம், உடல் மெலிவு எனத் தொல்லைகள் வந்தன. மருந்தின் பெயர் கெட்டது. பின்னர் 1850களில் அடோல்ஃப் ஷாதேன் நீரிலும் மண்ணிலும் அயோடினை அளந்து, அது குறைந்த நிலத்தில்தான் கழலை மிகுகிறது என்றார். பிரெஞ்சு அறிவியல் கழகத்தின் குழு அந்த முடிவை ஏற்கத் தயங்கியது. சரியான விடையை ஒருவர் சொல்லியும் கேட்பார் இல்லாமல் போன அந்த நேரம், இந்த வரலாற்றிலேயே மிகவும் வருந்தத்தக்கது என்பேன்.

தைராய்டின் பணியை முதலில் காட்டிக்கொடுத்தது அதன் இன்மை. அச்சுரப்பியே இல்லாத இரு குழந்தைகளின் பிணக்கூற்று ஆய்வை லண்டனில் தாமஸ் கர்லிங் 1850இல் வெளியிட்டார். வளர்ந்த பெண்களுக்கு முகம் ஊதி, தோல் தடித்து, பேச்சும் சிந்தனையும் மந்தமாகும் நிலையை வில்லியம் கல் 1873இல் விவரித்தார். பின்னர் அது மிக்சிடீமா எனப்பட்டது. ஆயினும் இவை தனித்தனிச் செய்திகளாகவே கிடந்தன. இவற்றை ஒன்றாகச் சேர்க்கும் சான்று, யாரும் எதிர்பாராத இடமான அறுவைக் கூடத்திலிருந்து வந்தது.

பெர்ன் நகரின் தியோடர் கோக்கர், கழலை அறுவையை அச்சத்துக்குரிய ஒன்றாக இருந்த நிலையிலிருந்து மீட்டவர். கிருமி நீக்கமும் இரத்த நாளங்களை ஒவ்வொன்றாகக் கட்டும் பொறுமையும் அவருடைய வெற்றிக்கு அடிப்படை. நூற்றாண்டின் இறுதிக்குள் அவரிடம் இறப்பு நூற்றுக்கு ஒன்றுக்கும் கீழே வந்தது. 1874இல் அவர் ஒரு சிறுமியின் தைராய்டு முழுவதையும் அகற்றினார். பின்னர் அவளுடைய குணமே மாறிவிட்டது என்று அவளைப் பார்த்துவந்த மருத்துவர் தெரிவித்தார். 1882இல் ஜெனீவாவின் ழாக்-லூயி ரெவெர்தேன் தம் நோயாளிகளிடமும் இதைக் கண்டதாகச் சொன்னார். உடனே கோக்கர் தம் பழைய நோயாளிகளைத் திரும்ப வரவழைத்தார். முழுச் சுரப்பியையும் இழந்து திரும்பி வந்தவர்களில் பெரும்பாலோர் ஊதிய முகமும் சோர்ந்த அறிவுமாக நின்றனர். அறுவைக்கு முன் அச்சிறுமியும் அவள் தங்கையும் ஒரே சாயல். இப்போது தங்கை வளர்ந்து நிற்க, அக்காள் குள்ளமாய், முகம் மாறி நின்றாள். இருவரையும் சேர்த்து எடுத்த படத்தைக் கோக்கர் மறைக்காமல் வெளியிட்டார். 1883இல் ஜெர்மன் அறுவை மருத்துவர் மாநாட்டில் எல்லாவற்றையும் எடுத்துரைத்தார். புற்றல்லாத கழலைக்கு இனி முழுச் சுரப்பியையும் எடுக்கப்போவதில்லை என்றும் முடிவெடுத்தார். தம் கையால் விளைந்த கேட்டைத் தாமே எண்ணிப் பார்த்துச் சபையில் வைத்த அந்த நேர்மைதான் தைராய்டு ஆய்வின் திருப்புமுனை.

இதில் ஒரு நுட்பமும் உண்டு. வியன்னாவின் அறுவை மருத்துவர் பில்ரோத்தும் அதே அறுவையைச் செய்தார்; அவருடைய நோயாளிகளுக்கு வந்தது பெரும்பாலும் தசைப்பிடிப்பு. பில்ரோத்தின் வேகமான அறுவையில் அருகிலிருந்த, இழந்தால் தசைப்பிடிப்பு தரும் பாராதைராய்டுச் சுரப்பிகளும் சேர்ந்து போயின, ஆனால் தைராய்டின் துணுக்குகள் மிஞ்சின. கோக்கர் பாராதைராய்டுகளைக் காத்து, தைராய்டை எச்சமின்றி எடுத்தார். இவ்வாறு பிற்காலத்தில் விளக்கியவர் அமெரிக்க அறுவை மருத்துவர் ஹால்ஸ்டெட். அவ்வளவு தூய்மையாக அகற்றப்பட்டதால்தான் தைராய்டு இல்லாத உடல் எப்படியிருக்கும் என்பது துலங்கியது.

கிரெட்டினிசம், மிக்சிடீமா, கோக்கரின் நோயாளிகளுடைய நிலை ஆகிய மூன்றும் தைராய்டு இழப்பின் விளைவே என்று லண்டனில் ஃபீலிக்ஸ் செமன் 1883இல் துணிந்து சொன்னார். அதை ஆராய அமைந்த குழு 1888இல் அவர் சொன்னதே சரி என்றது. அதற்குப் பின் எல்லாம் விரைந்தது. நியூகாசலில் ஜார்ஜ் மர்ரே 1891இல் ஆட்டுத் தைராய்டின் சாற்றை மிக்சிடீமா கண்ட 46 வயதுப் பெண்ணுக்கு ஊசியாகச் செலுத்தினார். அவர் தேறினார், பிறகு மருந்தை வாய்வழி உட்கொண்டு 1919 வரை, 74 வயதுவரை வாழ்ந்தார். அதற்குச் செலவானவை 870க்கும் மேற்பட்ட ஆடுகளின் சுரப்பிகள் என்று மர்ரே பின்னர் கணக்கிட்டார். நாளமில்லாத சுரப்பி தன் சுரப்பை நேரே இரத்தத்தில் விடுகிறது, அச்சுரப்பை வெளியிலிருந்து ஈடுசெய்யவும் முடியும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று அதுவரை இல்லை. ஹார்மோன் என்ற பெயரை எர்னஸ்ட் ஸ்டார்லிங் வழங்கியது 1905இல்தான்.

ஃபிரைபுர்க்கின் ஆய்கன் பௌமன் 1895இல் தைராய்டுக்குள்ளேயே அயோடினைக் கண்டார். குவாந்தேயின் மருந்து ஏன் பலித்தது என்பதற்கு எழுபத்தைந்து ஆண்டுகளுக்குப் பின் விடை கிடைத்தது. மேயோ மருத்துவமனையில் எட்வர்ட் கெண்டல் 1914 கிறிஸ்துமஸ் நாளில் தைராக்சினைப் படிகமாகப் பிரித்தார். அதன் சரியான அமைப்பை 1926இல் சார்லஸ் ஹாரிங்டன் கண்டார்: ஒரு மூலக்கூறில் நான்கு அயோடின் அணுக்கள். வீரியம் மிகுந்த, மூன்று அணுக்களே கொண்ட வடிவத்தை 1952இல் ஜாக் கிராஸும் ரோசலிண்ட் பிட்-ரிவர்ஸும் கண்டறிந்தனர். அயோடின் குறைந்தால் இந்த ஹார்மோன்கள் குறைகின்றன. அதை உணரும் பிட்யூட்டரிச் சுரப்பி, தைராய்டை மேலும் மேலும் தூண்டுகிறது. ஓய்வில்லாமல் உழைக்கும் சுரப்பி பருக்கிறது. அந்தப் பருமனே கழலை.

சுரப்பிக்கு அயோடின் தேவை என்பது தெரிந்த பிறகு தடுப்பு எளிதாயிற்று. டேவிட் மரைனும் கிம்பாலும் ஓஹாயோ மாநிலத்தின் ஆக்ரன் நகரப் பள்ளி மாணவியருக்கு 1917 முதல் சோடியம் அயோடைடு கொடுத்தனர். உட்கொண்ட 2,190 பேரில் 5 பேருக்கும், உட்கொள்ளாத 2,305 பேரில் 495 பேருக்கும் சுரப்பி பெருத்தது. சுவிட்சர்லாந்தில் 1922இலும், மிச்சிகனில் 1924இலும் அயோடின் கலந்த உப்பு வந்தது.

அயோடின் உப்பால் கழலையைக் குறைக்கலாம் என்பதை இந்தியாவில் நிறுவியது இமாசலத்தின் காங்ரா பள்ளத்தாக்கு. வி. ராமலிங்கசுவாமியும் உடன் உழைத்தவர்களும் 1956 முதல் அதை மூன்று பகுதிகளாகப் பிரித்து, இரண்டுக்கு அயோடின் உப்பும் ஒன்றுக்குச் சாதாரண உப்பும் வழங்கினர். அயோடின் உப்பு பெற்ற பகுதிகளில் பிள்ளைகளின் கழலை பாதியளவு குறைந்தது, மற்றதில் குறையவில்லை. 1962இல் தேசியக் கழலைக் கட்டுப்பாட்டுத் திட்டம் பிறந்தது. ஈரமும் வெப்பமும் மிகுந்த நம் சூழலில் அயோடைடு எளிதில் சிதையும் என்பதால் பொட்டாசியம் அயோடேட் பயன்பாட்டுக்கு வந்தது. கடையில் விற்கும்போது உப்பில் பத்து லட்சத்தில் குறைந்தது 15 பங்கு அயோடின் இருக்க வேண்டும் என்பது இன்றைய விதி.

குஜராத்துக்கு அடுத்து மிகுதியாக உப்பு விளைவது தூத்துக்குடியை உள்ளடக்கிய தமிழ்நாட்டில். ஆனால் 2018-19இல் நடந்த இந்திய அயோடின் ஆய்வில், போதிய அயோடின் உள்ள உப்பைப் பயன்படுத்தும் வீடுகள் தேசிய அளவில் 76.3 விழுக்காடாக இருக்க, தமிழ்நாட்டில் 61.9 விழுக்காடே, மாநிலங்களில் மிகக் குறைந்த அளவு இது. அளத்திலிருந்து மூட்டையாக வந்து சில்லறையில் விற்கப்படும் கல்லுப்பில் அயோடினை ஒரே சீராகக் கலப்பது கடினம். கலந்தாலும் ஈரம் பட்டு வெளியேறிவிடும். கருவுற்ற தாய்க்கு அயோடின் கடுமையாகக் குறைந்தால் குழந்தையின் மூளை வளர்ச்சியில் விழும் குறையைப் பிறகு ஈடுசெய்ய இயலாது. எனவே உப்பளத்திலும் கிடங்கிலும் கடையிலும் அயோடினை அளந்து பார்க்கும் ஏற்பாடு, சிறு உற்பத்தியாளர்கள் கூட்டாகப் பயன்படுத்தக்கூடிய கலவை நிலையங்கள் ஆகிய இரண்டும் இம்மாநிலத்துக்கு உடனடியாகத் தேவைப்படுகின்றன.