லயத்து வீட்டில் உலகம்

சிலாங்கூர் ஆறு கடலோடு கலக்குமிடத்தில் எழுந்து நிற்பது புக்கிட் மெலாவத்தி. அதன் உச்சியில் 1907ஆம் ஆண்டு கட்டப்பட்ட கலங்கரை விளக்கம் மலாக்கா நீரிணையில் செல்லும் கப்பல்களுக்கு வழி காட்டிற்று. அக்குன்றுக்குக் கிழக்கே ஈஜோக், புக்கிட் ரோத்தான், பத்தாங் பெர்ஜுந்தை எனப் பரந்து கிடந்த தோட்டங்களில் வாழ்ந்த தமிழர் பலர்க்கோ, கப்பல் என்பது வாழ்வில் ஒருமுறை ஏறி இறங்கிய ஒன்று. விடியற்காலைப் பெரட்டு, பால் வெட்டு, நிறுவை, மாலையில் லயம் என்னும் வட்டத்தைக் கடந்து ஊர் காணப் பொருளும் இல்லை, ஓய்வும் இல்லை. ஆயினும், அவ்வட்டத்துக்குள் இருந்தபடியே பிற நாடுகளை அறிவதைக் குடும்பப் பொழுதுபோக்காகக் கொண்டோர் அங்கு இருந்தனர். கூலியும் வேலைநிறுத்தமும் வரலாற்றில் இடம்பெற்ற அளவிற்கு இது இடம்பெறவில்லை.

உண்மையில் பிற நாடுகள்தாம் முதலில் இவர்களிடம் வந்தன. 1876இல் பிரேசிலிலிருந்து விக்காம் கொண்டு சென்ற விதைகள் லண்டன் கியூ தோட்டத்தில் முளைத்தன. மறு ஆண்டே 22 ரப்பர்க் கன்றுகள் சிங்கப்பூரை அடைந்தன. செம்பனையின் தாயகம் மேற்கு ஆப்பிரிக்கா. 1848இல் ஜாவாவின் போகோரில் நடப்பட்ட நான்கு மரங்களின் வழிவந்த விதைகளை, சுமத்திராவிலிருந்து கோலசிலாங்கூருக்குக் கொண்டுவந்தவர் ஹென்றி ஃபொக்கோனியே என்னும் பிரெஞ்சுக்காரர். 1917இல் மலாயாவின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம் அவர் முயற்சியால் உருவாயிற்று. அதன் பெயர் தென்னமரம். ஆப்பிரிக்கப் பனை வளர்ந்த தோட்டத்திற்குத் தென்னையின் பெயர், அதுவும் தமிழ்ப் பெயர்! மலாயாவைப் பற்றி அவர் எழுதிய நாவல் 1930இல் பிரான்சின் கொன்கூர் பரிசைப் பெற்றது. கன்று நட்ட கைகளுக்கு அச்செய்தி எட்டியிருக்க வழியில்லை.

எட்டிய செய்தி விலைச் செய்தியே. உலகப் பொருளாதார மந்தத்தின்போது லண்டன் சந்தையில் ரப்பர் விலை சரிந்தது. லயத்தில் உலை கொதிப்பது நின்றது. பல்லாயிரவர் தமிழகத்திற்குத் திருப்பி அனுப்பப்பட்டனர். 1924இல் தோன்றிய தமிழ் நேசனும், 1935இல் சிங்கப்பூரில் கோ. சாரங்கபாணி தொடங்கிய தமிழ் முரசும் தோட்டத்திற்கு வந்தபோது, எழுத்தறிந்த ஒருவர் உரக்கப் படிக்கப் பலர் சூழ்ந்து கேட்டனர். தோட்டப் பள்ளிகள் பெருகிய பின்னர் அப்பணி பிள்ளைகளுடையதாயிற்று. வீட்டுக்கு உலகத்தைப் படித்துக் காட்டும் பொறுப்பு பத்து வயதுச் சிறுவனிடம் வந்து சேர்ந்தமை சிறிய மாற்றமன்று.

அஞ்சல் தலை சேகரிப்பு அச்சிறுவர் வழியாகவே வீட்டினுள் நுழைந்தது. ராஜுலா கப்பலில் ஊரிலிருந்து வந்த கடிதங்கள் இந்தியத் தலைகளைத் தந்தன. 1960இல் இந்தியா திருவள்ளுவருக்கும் பாரதியாருக்கும் தலைகள் வெளியிட்டபோது, ஊர்க் கடிதத்தின் உறைக்கும் ஒரு மதிப்பு வந்தது. கிராணிமார் கழித்த உறைகளிலிருந்து இங்கிலாந்துத் தலைகள் கிடைத்தன. தகப்பனார் உறையைக் கொணர்வார். தாயார் கிண்ணத்தில் நீர் வைப்பார். ஊறிப் பிரிந்த தலையைப் பழைய நாளிதழின் மேல் கவிழ்த்து உலர்த்துவது பிள்ளைகளின் வேலை. (சோற்றுப் பசையால் ஏட்டில் ஒட்டி நல்ல தலைகளைப் பாழாக்கியவர்களும் உண்டு.) ‘ஹெல்வெத்தியா’ என்றால் சுவிட்சர்லாந்து, ‘சுவோமி’ என்றால் பின்லாந்து, ‘மாகியார்’ என்றால் ஹங்கேரி எனத் தெளிந்தபின், பள்ளிச் சுவரிலுள்ள உலகப் படத்தில் அந்நாடுகளைத் தேடினர். ஒரு நாட்டின் தலையில் மட்டும் நாட்டின் பெயரே இராது. அரசரின் முகமே இருக்கும். 1840இல் உலகின் முதல் அஞ்சல் தலையை வெளியிட்ட பிரிட்டன், பெயர் பொறிக்காத உரிமையை இன்றளவும் வைத்திருக்கிறது. ஆளும் நாட்டிற்குப் பெயர் வேண்டுவதில்லை என்பதைத் தோட்டத்துப் பிள்ளைகள் பாடநூலில் அன்று, ஒரு துண்டுத் தாளில் கற்றனர்.

வானொலி இதனினும் ஆழமாகப் பாய்ந்தது. ஜப்பானியர் ஆட்சியில் வெளிநாட்டு ஒலிபரப்பைக் கேட்பது தண்டனைக்குரிய குற்றம். சிற்றலை கேளாதபடி பெட்டிகளுக்கு முத்திரை வைத்தனர். போருக்குப் பின், குறிப்பாக 1960களில், மின்கலத்தால் இயங்கும் டிரான்சிஸ்டர் பெட்டிகள் மின்சாரமில்லா லயங்களுக்கும் எட்டின. கூரையிலிருந்து அருகிலுள்ள மரத்திற்குச் செம்புக் கம்பி கட்டினால் போதும். வானின் மேலடுக்கில் பட்டுத் திரும்பும் சிற்றலை, இரவில் கண்டங்களைத் தாண்டி வந்து சேரும். லண்டனிலிருந்து பி.பி.சி. 1941 முதலும், பீக்கிங்கிலிருந்து சீன வானொலி 1963 முதலும் தமிழில் ஒலிபரப்பின. கேட்ட நாள், நேரம், அலைவரிசை, தெளிவு ஆகியவற்றைக் குறித்து எழுதினால் நிலையத்தார் உறுதி அட்டை அனுப்பும் வழக்கம் உண்டு. பிழையின்றிக் கடிதம் எழுதப் பயில இதைவிட நல்ல பயிற்சி எந்த வகுப்பறையில் கிடைத்தது?

இப்பொழுதுபோக்கில் ஓர் இடம் மட்டும் மகிழ்ச்சி தரவில்லை. 1942, 1943ஆம் ஆண்டுகளில் ஜப்பானியர் 415 கிலோமீட்டர் நீளச் சயாம்–பர்மா ரயில் பாதை அமைக்கத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரக்கணக்கான தமிழரைக் கொண்டு சென்றனர். மலேரியாவிலும் காலராவிலும் பசியிலும் மாண்டவர் மிகப் பலர். மற்ற நாடுகளைக் காதாலும் கண்ணாலும் அறிந்த லயங்கள், சயாமை மட்டும் உடலால் அறிந்திருந்தன. பிள்ளைகள் ஏட்டில் யானை பொறித்த சயாம் தலையை ஒட்டும்போது பேச்சை நிறுத்திக்கொண்ட முதியோர் உண்டு. காஞ்சனபுரி எங்கே என்று அவர்களுக்குப் படம் காட்டத் தேவையிருக்கவில்லை.

பின்னாளில் தோட்டங்கள் கைமாறின. பல குடும்பங்கள் வீடமைப்புப் பகுதிகளுக்குப் பெயர்ந்தன. 2007இல் பத்தாங் பெர்ஜுந்தை, பெஸ்தாரி ஜெயா ஆயிற்று. பி.பி.சி.யின் தமிழ்ச் சிற்றலை ஒலிபரப்பு 2017இல் நின்றது. தமிழ் நேசன் 2019இல் நின்றது. லயத்தைக் காலி செய்தபோது சாமிப் படமும் தையல் இயந்திரமும் முதலில் வண்டி ஏறின. அஞ்சல் தலை ஏடுகளும் உறுதி அட்டைகளும் பழைய தாள்களோடு சேர்ந்து போயின.