இந்தியா–மொரிஷியஸ் உறவுகள்

மடகாஸ்கருக்குக் கிழக்கே, இந்தியப் பெருங்கடலில் உள்ள ஆப்பிரிக்கத் தீவு நாடு மொரிஷியஸ். 1968 மார்ச் 12 அன்று பிரிட்டனிடமிருந்து விடுதலை பெற்றது. அதற்கு 20 ஆண்டுகள் முன்பே, 1948இல், இந்தியா அதனுடன் தூதரக உறவைத் தொடங்கிவிட்டது. அங்குள்ள சுமார் 12 லட்சம் மக்களில் பெரும்பாலோர் இந்திய வம்சாவளியினர். எனவே, இரு அரசுகளின் உறவுக்கு மக்கள் உறவே அடித்தளம்.

பின்னணி

பிரெஞ்சு ஆட்சிக் காலத்தில் புதுச்சேரிப் பகுதியிலிருந்து கைவினைஞர்கள் அங்கு அழைத்துச் செல்லப்பட்டனர். 1810இல் பிரிட்டன் தீவைக் கைப்பற்றியது. அடிமை முறை முடிவுக்கு வந்தபோது, கரும்புத் தோட்ட வேலைக்காக 1834 முதல் இந்தியர்கள் ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேற்றப்பட்டனர். சென்னையும் அவர்கள் புறப்பட்ட துறைமுகங்களுள் ஒன்று. போர்ட் லூயியில் அவர்கள் கரையிறங்கிய ஆப்ரவாசி காட், 2006இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னமானது. தென்னாப்பிரிக்காவிலிருந்து தாயகம் திரும்பும் வழியில் காந்தி 1901இல் மொரிஷியசில் தங்கினார். அவர் தண்டி யாத்திரை தொடங்கிய மார்ச் 12தான் நாட்டின் தேசிய நாள்.

பொருளாதாரம்

1982இல் கையெழுத்தான இரட்டை வரிவிதிப்புத் தவிர்ப்பு ஒப்பந்தத்தின்படி, மொரிஷியஸ் நிறுவனங்கள் இந்தியப் பங்குகளை விற்றுப் பெறும் ஆதாயத்துக்கு இந்தியா வரி விதிக்க முடியாதிருந்தது. மொரிஷியசும் அந்த வரியை வசூலிக்கவில்லை. ஆகவே, பிற நாட்டு முதலீட்டாளர்களும் அந்நாட்டின் வழியாகவே இந்தியாவில் முதலிட்டனர். வரி ஏய்ப்புக்கு இது வழிவிடுகிறது என்ற குறை நெடுங்காலம் இருந்தது. 2016 திருத்தம், 2017 ஏப்ரல் 1 முதல் வாங்கப்படும் பங்குகளின் ஆதாயத்துக்கு வரி விதிக்கும் உரிமையை இந்தியாவுக்கு அளித்தது. 2021இல் கையெழுத்தான வணிக ஒப்பந்தம், ஆப்பிரிக்க நாடொன்றுடன் இந்தியா செய்த அத்தகைய முதல் ஒப்பந்தமாகும்.

பாதுகாப்பு

கொல்கத்தாவில் கட்டப்பட்ட பாரகுடா ரோந்துக் கப்பல் 2015இல் மொரிஷியஸ் கடலோரக் காவல்படையில் சேர்ந்தது. மொரிஷியசின் அகலேகா தீவில் இந்திய உதவியுடன் அமைந்த விமான ஓடுபாதையும் படகுத்துறையும் 2024 பிப்ரவரியில் திறக்கப்பட்டன. அங்கு இந்தியா ராணுவத் தளம் அமைக்கிறது என்ற ஐயத்தை மொரிஷியஸ் அரசு மறுத்துவந்தது. பிரிட்டன் பிரித்தெடுத்த சாகோஸ் தீவுகள் மீதான மொரிஷியசின் உரிமைக் கோரிக்கையை இந்தியா தொடர்ந்து ஆதரித்து வந்துள்ளது; 2019இல் ஐ.நா. பொதுச்சபையில் அதற்குச் சார்பாகவே வாக்களித்தது. சிறிய நாட்டின் இறையாண்மைக்குப் பெரிய நாடு துணைநின்ற இந்நிலைப்பாடு, இவ்வுறவின் மதிப்பைக் காட்டுகிறது.

தமிழர்

தைப்பூசக் காவடி மொரிஷியசில் அரசு விடுமுறை நாள். ரூபாய்த் தாள்களில் தமிழ் எழுத்து இடம்பெறுகிறது. 100 ரூபாய்த் தாளில் உள்ள உருவம் தமிழ் வம்சாவளித் தலைவர் ரங்கநாதன் சீனிவாசனுடையது. தமிழ் வம்சாவளியினரான பரமசிவம் பிள்ளை வையாபுரி 2018–2019இல் தற்காலிகக் குடியரசுத் தலைவராகப் பொறுப்பு வகித்தார்.