‘எச்சரிக்கை’ என்று எழுதப்பட்ட பிள்ளைகள்

2011இல் அமெரிக்காவின் ஜோர்ஜியா மாநிலத்தில் வீதியோரங்களில் சில விளம்பரப் பலகைகள் எழும்பின. கறுப்பு வெள்ளைப் படம். சிரிப்பில்லாமல் எங்களையே பார்க்கிற, உடல் பருத்த ஒரு பிள்ளை. படத்தோடு பெரிதாக ‘எச்சரிக்கை’ என்ற சொல். சிகரெட் பெட்டியில் போடுகிற சொல்லைப் பிள்ளைக்குப் போட்டிருந்தார்கள். தொலைக்காட்சி விளம்பரத்தில் ஒரு பொடியன் தாயிடம், நான் ஏன் குண்டாக இருக்கிறேன் என்று கேட்கிறான். தாய் தலையைக் குனிகிறாள்.

செய்தது அட்லாண்டாவின் பெரிய சிறுவர் வைத்தியசாலை அமைப்பு. திட்டத்தின் பெயர் ‘ஸ்ட்ரோங்4லைஃப்’. அவர்கள் கெட்ட எண்ணத்தோடு செய்யவில்லை. அந்த மாநிலத்தில் பிள்ளைகளின் உடற்பருமன் உண்மையிலேயே பெரிய பிரச்சினை. பெற்றோர் அதைக் கண்டுகொள்வதில்லை, அதிர்ச்சி கொடுத்தால்தான் விழிப்பார்கள் என்பது அவர்களின் வாதம்.

சரி, அந்தப் பலகை யாரோடு கதைக்கிறது? பெற்றோரோடுதானாம். ஆனால் பள்ளிக்கூட பஸ்ஸில் போகிற பிள்ளைக்கும் வாசிக்கத் தெரியும்தானே. பக்கத்து சீற்றில் இருக்கிறவனுக்கும் தெரியும்.

அந்தப் பக்கத்து சீற்றுக்காரனைப் பற்றி ஒரு பழைய ஆய்வு இருக்கிறது. 1961இல் அமெரிக்க ஆய்வாளர்கள் 10, 11 வயதுப் பிள்ளைகளிடம் ஆறு படங்களைக் கொடுத்து, யாரை அதிகம் பிடிக்கிறது என்று வரிசைப்படுத்தச் சொன்னார்கள். ஊன்றுகோலோடு ஒரு பிள்ளை, சக்கர நாற்காலியில் ஒரு பிள்ளை, ஒரு கை இல்லாத பிள்ளை என்று படங்கள். கடைசி இடம் பருத்த பிள்ளைக்கு. 2003இல் லாட்னரும் ஸ்டன்கார்டும் அதே ஆய்வைத் திருப்பிச் செய்து வெளியிட்டார்கள். நாற்பது வருசம் கழிந்தும் அதே கடைசி இடம். வெறுப்பு இன்னும் கூடியிருந்தது. ஆக, ஜோர்ஜியாவில் பலகை ஏறும்போது வெட்கத்துக்கு ஒரு பஞ்சமும் இல்லை. அது வகுப்பறையில் ஏற்கெனவே நிறைந்து கிடந்தது. பலகை செய்தது, அந்தப் பகிடிக்கு வைத்தியரின் கையெழுத்தைப் போட்டுக் கொடுத்ததுதான்.

புகைத்தலுக்கு எதிராகப் பயமுறுத்தலாம், இதற்கு ஏன் கூடாது என்று கேட்பவர்கள் உண்டு. சிகரெட்டைக் கீழே போடலாம். உடம்பை எங்கே கழற்றி வைப்பது? அதோடு, வீட்டுக்கு என்ன சாமான் வாங்குவது, விளையாட இடம் இருக்கிறதா என்பதை முடிவெடுப்பது பிள்ளையும் இல்லை.

எதிர்ப்பும் வந்தது. 2012இல் ரேகன் சஸ்டெய்ன் போன்ற செயற்பாட்டாளர்கள் பொதுமக்களிடம் காசு சேர்த்து, எல்லாப் பிள்ளைகளையும் ஆதரியுங்கள் என்று அட்லாண்டாவிலேயே பதில் பலகை வைத்தார்கள். அதே வருசம் யேல் பல்கலைக்கழகத்தின் ரெபெக்கா பூலும் சகாக்களும் இப்படியான விளம்பரங்களை ஆயிரத்துக்கும் மேற்பட்ட வளர்ந்தவர்களிடம் காட்டிக் கேட்ட ஆய்வை வெளியிட்டார்கள். குத்திக்காட்டும் வாசகங்களை விட, உடற்பருமன் என்ற சொல்லே இல்லாமல் மரக்கறி பழம் சாப்பிடச் சொன்ன வாசகங்கள்தான் ஆட்களை உற்சாகப்படுத்தின. 2017இல் அமெரிக்கக் குழந்தை மருத்துவர்களின் சங்கமும் எழுத்தில் சொன்னது: வெட்கப்படுத்தினால் எடை குறையாது, பிள்ளை ஒதுங்கும், கூடச் சாப்பிடும், வைத்தியரிடம் போகவே பின்னிற்கும்.

எங்கள் பள்ளிக்கூடங்களில் இப்படிப் பலகை இருந்ததில்லை. தேவைப்படவும் இல்லை. ‘பூசணிக்காய்’ என்று கூப்பிட்டது நாங்கள்தான். கூப்பிட்டபோது திரும்பிப் பார்த்தவளின் முகமும் சிரிக்கவில்லை. அதை ‘சும்மா பகிடி’ என்று இவ்வளவு காலமும் சொல்லிக்கொண்டிருந்தோம்.