இருப்புக்கொள்ளாமை

'இருப்புக்கொள்ளவில்லை' என்று நாம் அன்றாடம் சொல்கிறோம். உட்கார இயலாமல் தவித்த இருவரைக் கண்ட பிராக் நகர நரம்பியலர் ஹாஷ்கொவெட்ஸ், 1901இல் அந்நிலைக்கு 'அகதீசியா' என்று பெயரிட்டார். கிரேக்கத்தில் அமர இயலாமை என்று பொருள். நம் சொல்லே மேலும் துல்லியம் என்போம். ஹிஸ்டீரியா, நரம்புத் தளர்ச்சி ஆகியவற்றின் விளைவாகவே அவர் அதைக் கருதினார். இன்று இத்தவிப்புக்குப் பெரிதும் காரணமாகும் மனநோய் மருந்துகள் அன்று பிறந்திருக்கவில்லை.

அவற்றுள் ஒன்றின் வேர் நம் நாட்டு மண்ணில்தான் இருந்தது. சிவன் அமல்பொடி எனத் தமிழில் வழங்கும் சர்ப்பகந்தியின் வேர் மனநோய்க்கும் இரத்த அழுத்தத்துக்கும் உதவும் என்று கணநாத் சென்னும் கார்த்திக் சந்திர போஸும் 1931இல் எழுதினர். 1952இல் சுவிட்சர்லாந்தின் சீபா நிறுவனத்தார் அவ்வேரிலிருந்து ரிசர்பினைப் பிரித்தெடுத்தனர். அதே ஆண்டில் பிரான்சில் குளோர்புரோமசின் மனநோய் மருத்துவத்துக்குள் நுழைந்தது.

அமைதி தர வந்த இரு மருந்துகளும் சிலரை உட்காரவிடாமல் அலைக்கழித்தன. நோய் முற்றியதென்று எண்ணி மருந்தைக் கூட்டினால் தவிப்பும் கூடும். அடங்காதவர் என்ற பழியும் நோயாளிக்கே. 1989இல் பார்ன்ஸ் வகுத்த அளவுகோல், கால்களின் அசைவைக் கவனிப்பதோடு நிற்கவில்லை; உள்ளே என்ன செய்கிறது என்று நோயாளியையும் கேட்கச் சொன்னது.