அடுக்களையும் புகைப்படமும்

பரிமாறுவதும் ஒரு கலையே என்பதை நம் பெண்டிர் எப்பள்ளியிலும் பயின்றாரல்லர். இலையின் நுனி உண்பவரின் இடப்புறம் அமைதல் வேண்டும். உப்பும் ஊறுகாயும் இடப்பக்க மூலைக்குரியன. கறிவகைகள் மேற்பாதியில், சோறு கீழ்ப்பாதியில். எழுதப்படாத இவ்விலக்கணம் நம்மவரோடு இரயிலேறி மாதுங்காவிற்கும் வந்து சேர்ந்தது.

ஆனால் கைப்பக்குவம் அவ்வாறு எளிதில் வரவில்லை. அஃது ஊரிலிருந்த அன்னையரிடமே தங்கிவிட்டது. இக்குறையைத் தீர்த்தவர் எஸ். மீனாட்சி அம்மாள். இளமையிலேயே கணவரை இழந்த அவ்வம்மையார், கேட்ட உறவினர்க்கெல்லாம் சமையற் குறிப்புகளை எழுதி அனுப்பி வந்தார். அவையே 1951இல் 'சமைத்துப் பார்' என்னும் நூலாயின. அந்நூலின் வலிமை அளவில் இருந்தது. அழகிய படங்களில் அன்று. புதுமணப் பெண்கள் பலர் அதனைச் சீதனப் பொருள்களோடு எடுத்துச் சென்றனர்.

எனினும் அது மரக்கறி உணவை மட்டுமே கூறிற்று. தோல் பதனிடும் தொழிலுக்காகத் திருநெல்வேலிச் சீமையிலிருந்து தாராவிக்கு வந்தோரின் கருவாட்டுக் குழம்பு எந்த ஏட்டிலும் ஏறாமல், தாயிடமிருந்து மகளுக்கு வாய்மொழியாகவே சென்றது.

தாராவியின் அடுப்புகள் ஏட்டிலேறியது 2015இல். அவ்வாண்டு அங்கு நடந்த கலை விழாவையொட்டி, சினேகா என்னும் நலவாழ்வு அமைப்பு 'தி இண்டிசைசிவ் சிக்கன்' என்ற ஆங்கில நூலை வெளியிட்டது. தாராவியில் சமைக்கும் மகளிர் எண்மரின் வரலாறுகளையும் பக்குவங்களையும் பிரஜ்ஞா தேசாய் அதில் தொகுத்தார். அன்றாட உணவு படமாகவும் நூலாகவும் மதிப்புப் பெற்றது. தமிழில் இத்தகைய நூலொன்றை நாமே முன்னின்று செய்திருக்கலாம் என்பது நம் எண்ணம்.

இன்று செம்பூரிலும் தாராவியிலும் கைப்பேசி இல்லாத அடுக்களை அரிது. படமெடுக்கப் பழகும் சகோதரியர்க்குச் சில சொற்கள். எவர்சில்வர் தட்டு கூரை விளக்கையும் கைப்பேசியையும் கண்ணாடிபோற் காட்டிவிடும். இலையிலோ மங்கிய தட்டிலோ இடுக. விளக்கை அணைத்துச் சாளரத்தருகே வைத்தால் கறிவேப்பிலையின் பசுமை கெடாது. இலைச்சாப்பாட்டை நேர்மேலிருந்து எடுத்தாலன்றி அதன் வரிசை விளங்காது. படத்தின்கீழ் அளவையும் எழுதுக. உப்பும் புளியும் எவ்வளவென்று படம் உரைப்பதில்லை அன்றோ!

கருவாட்டுக் குழம்பு படத்தில் எடுபடாது என்று விட்டுவிடுவோரைக் காண்கிறோம். அகன்ற கிண்ணத்தில் வெண்சோறிட்டு, அதன் ஓரமாய்க் குழம்பை ஊற்றி, துண்டமிரண்டும் கத்தரிக்காயும் மேலே தெரியுமாறு வைத்து எடுத்துப் பாருங்கள்.